பூங்காவனம் பேசிக்கொண்டே இருந்தாள்

1

கோடை விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், என்னோடு சமையலறையில் நிற்கும் பெண் கேட்டாள்: "விடுமுறை எப்படி இருந்தது?"

"நன்றாக இருந்தது" என்றேன்.

"நல்லது" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்குத் தட்டை அடுப்புக்குள் தள்ளினாள். பேச்சு முடிந்துவிட்டது.

அவள் அக்கறை இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். பின்லாந்தில் அதுதான் முழுமையான உரையாடல். கேட்டாள், பதில் கிடைத்தது, இருவருக்கும் திருப்தி. இங்கே பஸ் நிறுத்தத்தில் ஐந்து பேர் நின்றால் ஐந்து கம்பம் நட்டதுபோல் இடைவெளி விட்டு நிற்பார்கள். ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமலிருப்பது மரியாதை. தாம்பரே என்கிற இந்த ஊருக்கு வந்து பதினேழு வருடமாகிறது. எனக்கும் அது பழகிவிட்டது.

ஆனால் அன்று எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஒன்பது வருடமாக என்னோடு பேசாதிருந்த என் அக்கா இந்த விடுமுறையில் செஞ்சியில் ஒரு சினிமா தியேட்டரில் வைத்துப் பேசிவிட்டாள். அதை உருளைக்கிழங்கு வேகிற நேரத்துக்குள், எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் எப்படிச் சொல்வது? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். வழக்கமாக நான் எழுதினால் பனி இருக்கும், ஏரி உறைந்திருக்கும். இந்த முறை பனி கிடையாது. செஞ்சி வெயில்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் கலா. இந்த ஊர் மொழியில் கலா என்றால் மீன். நான் வேலை பார்ப்பதோ பள்ளிக்கூடச் சமையலறையில். மீன் போடுகிற நாளில் பலகையில் "இன்று கலா" என்று எழுதிவைப்பார்கள். முதல் வருடம் ஒரு சின்னப் பையன் அந்தப் பலகையையும் என் சட்டையில் இருந்த பெயர் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கூப்பிட்டால் காத்திருக்கிற அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். மரியாதை.

2

நடந்ததைச் சொல்வதற்கு முன் "கல்வாசல்" பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிளஸ் டூ படித்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு டிவியில் வந்த தொடர். மலைக்கோட்டை ஒன்று. அதன் வாசலைக் காக்கிற பெண் பூங்காவனம். வாரம் ஒரு வெளியூர்க்காரர் வருவார், ஏதாவது காணாமல் போகும், யாராவது பொய் சொல்வார்கள். பூங்காவனத்துக்கு எல்லாம் தெரியும். ஆனால் பேச மாட்டாள். நாற்பத்தி மூன்று வாரம் வந்த தொடரில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறவி ஊமை இல்லை. ஒரு வாரம் டாக்டர் வந்து தொண்டையைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு ஒண்ணுமில்ல, நல்லா பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அப்புறமும் பேச மாட்டாள். இன்னொன்று, ஒவ்வொரு வாரமும் கடைசியில் மலையடிவாரத்துக்கு ஒரு பஸ் வரும். பூங்காவனம் போய் நின்று, ஒவ்வொரு ஜன்னலாகப் பார்ப்பாள். பஸ் போய்விடும். அவள் திரும்பி மேலே ஏறுவாள். எதற்கு என்று சொல்லவே இல்லை. திடீரென்று ஒரு ஞாயிறு தொடர் வரவில்லை. அதோடு நின்றது.

அந்தக் கோட்டை எங்கள் செஞ்சிக் கோட்டை. அதில் ராஜகிரி மலையின் வாசலில்தான் படம் பிடித்தார்கள். நானும் மல்லிகா அக்காவும் ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனோம். பூங்காவனமாக நடித்த அம்மாள் ஒரு பாறையின் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டே மேக்கப் போடுகிறவரிடம் தன் மாமியாரைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"ச்சீ, பேசுறாடி!" என்றாள். வீடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

தொடர் வந்த காலத்தில் அதை ரசித்தவர்கள் எங்களைப் போலக் கொஞ்சம் பேர்தான். வருடங்கள் கழித்து யாரோ பழைய கேசட்டுகளிலிருந்து எடுத்து இணையத்தில் போட, அப்போது பிறக்கவே பிறக்காத பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பூங்காவனத்தின் முகம் போட்ட பனியன் வந்தது. அவள் ஏன் பேசவில்லை என்று ஆளுக்கொரு காரணம் எழுதினார்கள். எங்கள் வீட்டில் என் மகள் நிலாவுக்கும் போட்டுக் காட்டினேன். அவளுக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் இந்த ஊர் மொழியில் பதில் சொல்லுகிற வயது. கீழே ஓடுகிற எழுத்துகளைப் படித்துக்கொண்டே பார்த்தாள்.

"இவங்க பின்லாந்துக்காரங்க மாதிரியே இருக்காங்கம்மா. தேவையில்லாம யார்கிட்டயும் பேசல. எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள்.



3

இந்தக் கோடையில் நானும் நிலாவும் மட்டும் ஊருக்குப் போனோம். என் கணவர் பாஸ்கருக்கு லீவு கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து திண்டிவனம் வந்து அங்கே பஸ் மாறினோம். தைரியமாகத் தமிழ் பேச வேண்டும் என்று முடிவு செய்திருந்த நிலா, கண்டக்டரிடம் போய், "நாங்க செஞ்சியில தங்கிடுறோம்" என்றாள். பின்லாந்தில் பஸ்ஸை விட்டு இறங்குவதை அப்படித்தான் சொல்வார்கள், இந்த இடத்தில் தங்கிவிடுகிறேன் என்று.

கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தங்கும்மா. நல்ல ஊருதான். வீடு வேணுன்னா சொல்லு, பாத்துத் தரேன்" என்றார்.

செஞ்சியில் அம்மா வீட்டில் கீழே அம்மா, மாடியில் மல்லிகா அக்கா குடும்பம். அக்கா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையும் இ-சேவை மையமும் நடத்துகிறாள். அவலூர்பேட்டை, தளவானூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து சாதிச் சான்றிதழுக்கும் ரேஷன் கார்டில் பேர் சேர்க்கவும் அவளிடம்தான் வருவார்கள். மகன்கள் இருவரும் சென்னையில் படிக்கிறார்கள். அக்காவின் கணவர் பள்ளிக்கூட வாத்தியார், வீட்டுச் சண்டையில் தலையிடாதவர்.

சண்டை என்றால் சத்தமான சண்டை இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்பு எங்கள் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இறந்தபோது நான் வரவில்லை. பேப்பர் சிக்கல், இந்த நாட்டு அரசாங்கம் விடவில்லை என்று போனில் அழுதேன். அக்கா "சரி" என்றாள். அதுதான் கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு இரண்டு முறை ஊருக்கு வந்துவிட்டேன். அக்கா எனக்குச் சமைத்தாள், துணி துவைத்துப் போட்டாள், கிளம்பும்போது பொடி வகையெல்லாம் அரைத்துக் கட்டிக் கொடுத்தாள். பேசவில்லை. பின்லாந்தில் பேசாமலிருப்பது மரியாதை. செஞ்சியில் அது தண்டனை. இரண்டையும் அனுபவித்தவள் என்கிற முறையில் சொல்கிறேன், இரண்டும் வேறு வேறு.

இந்த முறையும் முதல் நாள் காலை அப்படியே ஆரம்பித்தது. நான் சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு கை தூரத்தில் அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு இன்னொரு தோச வேணுமான்னு கேளும்மா" என்றாள் அம்மாவிடம்.

"போதும்னு சொல்லும்மா" என்றேன் நான்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "நான் இன்னா உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட் ஆபீசா? எனுக்கு எழுவத்திரண்டு வயசு ஆவுது. என்னால முடியாது, போங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

அந்த வேலை நிலாவிடம் வந்தது. "பெரியம்மா சாவி எங்கன்னு கேக்கறாங்க." "அம்மா ஆணியில மாட்டியிருக்குன்னு சொல்றாங்க." நாலு நாளில் அவள் தமிழ் நன்றாக முன்னேறியது. ஆனால் ஐந்தாம் நாள் என்னிடம் அவள் மொழியில் கோபமாகக் கேட்டாள்: "இவங்க உன்கிட்ட பேசாம இருக்கறது அமைதி இல்லையே. இது ரொம்ப சத்தமா இருக்கே. ஏன்?"

"பெரியவங்க விஷயம்" என்றேன். எல்லா அம்மாக்களும் சொல்கிற மிக மோசமான பதில்.

4

அந்த வாரம்தான் படம் வந்தது. "கல்வாசலுக்கு முன்" என்று பெயர். தொடரின் தொடர்ச்சி இல்லை, அதற்கு முந்தைய கதை. பூங்காவனத்துக்குப் பத்தொன்பது வயது இருந்தபோது நடந்தது. புதுப்பெண் ஒருத்தி நடித்திருந்தாள். மறுபடியும் எங்கள் கோட்டையில்தான் எடுத்திருந்தார்கள். ஊரே அதைப் பற்றித்தான் பேசியது.

அக்கா முதல் நாளே பகல் காட்சிக்குப் போவாள் என்று அம்மா சொன்னாள். கடைக்கு லீவு விட்டுவிட்டாளாம். தேர்வு ரிசல்ட் வரும் நேரத்தில் அக்கா கடையைச் சாத்தினாள் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. "எனக்கும் ஆசையாத்தான் இருக்குது" என்று நான் அம்மாவிடம் சொன்னேன், அக்கா காதில் விழும்படி. பதில் இல்லை.

நிலா போனில் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டு வந்து நின்றாள். "பெரியம்மா, மூணு பேரும் போறோம். நான் பணம் கட்டிட்டேன். திருப்பித் தர மாட்டாங்க."

அக்காவுக்கு நிலா என்றால் உயிர். எழுந்து புடவை மாற்றப் போனாள்.

தியேட்டரில் நான் ஒரு ஏற்பாடு மனதில் வைத்திருந்தேன். நடுவில் நிலா, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. உள்ளே போனதும் நிலா நேராகக் கடைசி நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"நடுவுல வாடி" என்றேன்.

"மாட்டேன். இங்கதான் காத்து வருது" என்றாள். தலைக்கு மேலே மின்விசிறி ஓடவே இல்லை.

ஆக நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் இருந்த கைப்பிடியை இருவருமே தொடவில்லை.

படம் தொடங்கியது. ராஜகிரி திரையில் எழுந்தபோது விசில் பறந்தது. மலைச்சரிவில் ஆடுகள் மேய்ந்தன. முன் வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து நின்று, "ஐயோ, எங்க ஆடுங்க! அந்தக் கருப்பு எங்களுது!" என்று கத்தினாள். எல்லோரும் அந்தக் கருப்பு ஆட்டுக்குக் கைதட்டினோம்.

அப்புறம் பூங்காவனம் வந்தாள். பாவாடை தாவணி, எண்ணெய் வழியும் தலை. ஒரு வளையல்காரரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தியேட்டர் அப்படியே அடங்கிப்போனது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை. கனமான குரலாக இருக்கும், ஏதோ பெரிய வாக்கியம் சொல்வாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பூங்காவனம் வாயைத் திறந்தாள்.

"இன்னாய்யா வளையல் இது? போட்ட ஒடனே ஒடயுது!"

கீச்சுக்குரல். எங்கள் ஊர்ப் பேச்சு. தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். அக்காவும் கை தட்டினாள். நானும் தட்டினேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏன் என்று அப்போது தெரியவில்லை.

படம் முழுக்க அவள் பேசினாள். கோட்டைக் காவல்காரரான அப்பாவிடம் பேசினாள், குரங்குகளோடு சண்டை போட்டாள், தங்கச்சி தூங்கிவிட்ட பிறகும் அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லோரும், "ஏ புள்ள, கொஞ்ச நேரம் வாய மூடு" என்றார்கள். ஒவ்வொரு முறையும் தியேட்டர் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் இடைவேளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரப்போவது எனக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் வாய் ஓயாமல் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் கையிருப்பிலிருந்து குறைந்துகொண்டே வருகிறதே என்று எனக்குப் பதறியது. போதும், கொஞ்சம் மிச்சம் வை என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

கடைசிக் காட்சி. தங்கச்சிக்குத் தூரத்தில் ஒரு மில்லில் வேலை. பஸ் ஏறுகிறாள். பூங்காவனம் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுகிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, பக்கத்துப் படுக்கைக்காரி எப்படின்னு எழுது, மழையில நனையாத. பஸ் நகர்கிறது. அவளும் கூடவே நடக்கிறாள், பேசிக்கொண்டே. பஸ் வேகம் எடுக்கிறது. அவள் ஓடுகிறாள், பேசிக்கொண்டே. புழுதி எழுகிறது. தங்கச்சி காதில் இனிமேல் ஒன்றும் விழாது. அவள் இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறாள். அத்தோடு திரை இருட்டாகிவிட்டது.

அவ்வளவுதான். படத்தில் யாரும் சாகவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் தொடரைப் பார்த்த நாங்கள், அந்தப் பஸ் வரும்போதெல்லாம் அவள் எதற்கு ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள் என்பதை உட்கார்ந்த இடத்திலேயே புரிந்துகொண்டோம். நான் வாய்விட்டு அழுதேன். முந்தானையால் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. நிலா குனிந்து, "என்னம்மா ஆச்சு? அவங்க சும்மா பேசிக்கிட்டுதானே இருந்தாங்க?" என்று கேட்டாள்.

விளக்கு போட்டார்கள். பின்வரிசையில் ஒரு ஆள் எழுந்து, "இன்னாப்பா படம் எடுக்கறானுங்க? ஏன் பேசலன்னு சொல்லவே இல்லியே!" என்றார்.

அக்கா விருட்டென்று திரும்பினாள். அவள் கண்ணும் மூக்கும் சிவந்து கிடந்தன.

"அதான் சொல்லிட்டாங்களேய்யா! இன்னும் எப்பிடிச் சொல்லணும்? அந்த நாலு மணி பஸ்ஸ அவ தெனமும் எதுக்குப் பாத்தான்னு இப்பதான தெரிஞ்சிச்சு! தொடர பாத்தியா நீ மொதல்ல?"

"நாலு மணி இல்ல, நாலரை" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நாலு மணிடி."

"நாலரைக்கா. டாக்டர் வர்ற வாரத்துல பஸ்ஸுக்குப் பின்னாடி கடிகாரம் காட்டுவாங்க."

"அந்தக் கடிகாரம் ஓடாததுடி! மொத வாரத்துலேர்ந்து அது நாலரையிலதான் நிக்கிது. அது கூட தெரியாம இன்னாத்த..."

அங்கே நின்றாள். நானும் அவளைப் பார்த்தேன். பின்வரிசை ஆள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெல்ல நழுவினார். நிலா நாற்காலியின் மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, அடுத்த படம் தொடங்கப்போகிறவள்போல எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடிகாரம் விஷயத்தில் அக்கா சொன்னதுதான் சரி. பிறகு பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

5

வெளியே வெயிலில் கண் கூசியது. அக்கா வீட்டுப் பக்கம் போகாமல் கடைப் பக்கம் நடந்தாள். நாங்களும் பின்னால் போனோம். ஷட்டரைத் தூக்கி, மின்விசிறியைப் போட்டு, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் இருந்த ஸ்டூலை எனக்குத் தள்ளினாள். நிலாவிடம், "எதிர் கடையில மூணு ரோஸ் மில்க் வாங்கினு வா கண்ணு. மெதுவா வா" என்றாள்.

நிலா போனதும் அக்கா என்னைப் பார்க்காமல், மேசை மேலிருந்த விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"நீ வரலன்னு கூட எனுக்குக் கோவம் இல்லடி. நைனா கடைசி நாலு நாளு உன்னயே கேட்டுக்கினு இருந்தாரு. கலா கெளம்பிட்டாளா, கலா கெளம்பிட்டாளான்னு. நான் இன்னா சொல்றது? கெளம்பிட்டா நைனான்னேன். ஃபிளைட் ஏறிட்டான்னேன். மறுநாளு கேட்டாரு. துபாயில எறங்கிட்டான்னேன். அப்பால சென்னைக்கு வந்துட்டான்னேன். நாலு நாளு, பொய்யி மேல பொய்யி."

இது எதுவும் எனக்குத் தெரியாது.

"கடைசி நாளு காத்தால, திண்டிவனத்துல பஸ் ஏறிட்டா நைனான்னேன். எந்த பஸ்ஸுன்னு கேட்டாரு."

எங்கள் நைனா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக முப்பது வருடம் வேலை பார்த்தவர்.

"ஏதோ ஒரு வண்டி நம்பர சொன்னேன். உடனே அவரு, 'அந்த வண்டியா? ரேடியேட்டர் சூடாவும். ஏத்தத்துல நின்னு நின்னுதான் வரும். லேட்டாவும், நீ டென்ஷன் ஆவாத'ன்னு எனுக்கு சமாதானம் சொல்றாருடி!" அக்கா சிரித்தாள், அழுகையோடு. "அவரு போனப்ப நீ திண்டிவனம் தாண்டி வந்துக்கினு இருந்தே. நான் பொய் சொல்லி அனுப்பிச்சேன் அந்த மனுசன. அத யாருகிட்ட சொல்றது? உன்னப் பாத்தா அதான் ஞாபகம் வந்திச்சு. வாயத் தொறந்தா அதுதான் வரும்னு வாய மூடிக்கினேன்."

மின்விசிறி கடகடவென்று சுற்றியது. இப்போது நான் சொல்ல வேண்டிய முறை. ஒன்பது வருடமாக மனதுக்குள் வைத்திருந்த ஒன்று என்னிடமும் இருந்தது. பாஸ்கருக்குத் தெரியும். வேறு யாருக்கும் சொன்னதில்லை.

"அக்கா, அரசாங்கம் விடலன்னு சொன்னேன் இல்ல? அது பாதிதான் நெசம். அங்க தங்கறதுக்கு ஒரு கார்டு குடுப்பாங்க. அது முடியறதுக்குள்ள புதுசுக்கு எழுதிப் போடணும். நான் மறந்துட்டேன். ரெண்டு வாரம் லேட்டா போட்டேன். பழசு செத்துப்போச்சு, புதுசு வரல. அந்த நேரத்துல வெளிய போவலாம், திரும்பி உள்ள வர முடியாது. நிலா அப்பதான் ஒண்ணாங்கிளாஸ். அவரு வேற ஊர்ல வேலை. அவள விட்டுட்டு எத்தினி மாசம்னு வர்றது? வேற யாரு மேலயும் தப்பு இல்லக்கா. நேரத்துக்கு நான் அத போட்டிருந்தா, நெசமாவே திண்டிவனம் தாண்டி வந்திருப்பேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுவாளோ என்றும் பயந்தேன். அவள் முகத்தில் வந்தது வேறு. தினமும் நூறு பேருக்கு விண்ணப்பம் நிரப்புகிறவளின் தொழில்முறை அதிர்ச்சி.

"லேட்டா போட்டியா?"

"ஆமா."

"முடிஞ்சி போயி ரெண்டு வாரம் கழிச்சா?"

"ஆமாக்கா."

"ஏண்டி, படிச்சவதான நீ?" அக்கா எழுந்தே விட்டாள். "தளவானூர்லேர்ந்து கைநாட்டு வெக்கிற கெழவிங்க வராங்க, மூணு மாசம் முன்னாடியே வந்து, 'யம்மா, முடியப் போவுது, போட்டுக் குடு'ங்கறாங்க. நீ வெளிநாட்டுல குந்திக்கினு மறந்துட்டேங்கற! எனுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா ஞாபகப்படுத்தி இருப்பேனே! இன்னாடி கார்டு அது, எத்தினி வருசத்துக்கு ஒரு வாட்டி?"

"இப்ப தேவையில்லக்கா. குடியுரிமை வாங்கியாச்சு."

"பாஸ்போர்ட்டு? அது எப்ப முடியுது? நிலாவோடது? எடுத்துனு வா, தேதி குறிச்சி வெக்கிறேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியாமல் அவள் தோளில் சாய்ந்தேன். ஒரு நிமிடம் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அப்புறம் என் முதுகில் பட்பட்டென்று தட்டினாள், கொஞ்சம் பலமாகவே. சில அடிகள் உண்மையிலேயே வலித்தன. அவை எனக்கு வர வேண்டியவைதான்.

நிலா ரோஸ் மில்க்கோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. உள்ளே வந்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டுத் தெளிவான தமிழில் சொன்னாள்: "இனிமே நான் உங்க நடுவுல உக்கார மாட்டேன். போஸ்ட் ஆபீஸ் மூடியாச்சு."

"மூடிடு கண்ணு" என்றாள் அக்கா.

6

அன்றிலிருந்து நான் கிளம்பும் நாள் வரை அக்கா பேசினாள். ஒன்பது வருடத்துச் செய்தி பாக்கி இருந்தது. யாருக்குக் கல்யாணம் ஆனது, யார் வீட்டில் பாகம் பிரித்தார்கள், எந்த மகன் அரியர் வைத்திருக்கிறான், இ-சேவை சர்வர் எந்தெந்த நாளில் படுத்துக்கொள்ளும், கோட்டைக்கு இப்போது எத்தனை வெளியூர் வண்டிகள் வருகின்றன. காலையில் பல் தேய்க்கும்போது தொடங்குவாள். நான் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று சொல்வாள். அம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முன்னயே தேவல போல இருக்குதே" என்றாள்.

நிலா பகலில் அக்கா கடையில் போய் உட்கார்ந்துகொண்டாள். விண்ணப்பம் போட வந்தவர்களுக்கு வரிசை எண் கொடுத்தாள். யாரும் அங்கே இடைவெளி விட்டு நிற்கவில்லை. எல்லோரும் அவள் மேல் சாய்ந்துகொண்டு அவள் எந்த ஊர், என்ன படிக்கிறாள், இவ்வளவு ஒல்லியாக ஏன் இருக்கிறாள் என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் மண்டகப்பட்டிலிருந்து வந்த ஒரு அம்மாளிடம் அவளே, "பேரன் எப்படி இருக்கான்?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். தேவையில்லாத பேச்சு. நான் இடையில் புகுந்து கெடுக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு மறுபடி படத்துக்குப் போனோம், பகல் காட்சிக்கு. அம்மாவுக்குத் தொடர் ஞாபகம் இல்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தாள். இவதாம்மா பூங்காவனம். இப்ப பேசுறா, அப்பால பேச மாட்டா. அது அவ தங்கச்சி, தொடர்ல இவ வரவே மாட்டா. அந்தக் கருப்பு ஆட்டப் பாரு, நம்ம ஊரு ஆடு. அம்மா "ம், ம்" என்று கேட்டுக்கொண்டாள். வளையல் காட்சி முடிவதற்குள் அக்கா கடைசிக் காட்சி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

எங்களுக்கு முன் வரிசையில் பூங்காவனத்தின் முகம் போட்ட பனியன் அணிந்த ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் முறை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஆன்ட்டி, கொஞ்ச நேரம் பேசாம இருக்கீங்களா?"

அக்கா அவள் பக்கம் குனிந்து, மிகவும் அன்பாகச் சொன்னாள்:

"ஒம்போது வருசம் இருந்து பாத்துட்டேம்மா. ஒண்ணும் சொகமில்ல."